உடுப்பும் சுயமரியாதையும்

(செஞ்சியில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்யப்பட்ட சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் உங்களில் அநேகருக்குப் புதிதாக இருக்கலாம். சிலருக்குக் கேட்கக் கூச்சமாகவும், சிலருக்குக் கோபமாகவும்கூட இருக்கலாம். "செஞ்சி போன்ற ஊரில் இதைப் பேச வேண்டுமா? இது பட்டணத்து விவகாரமல்லவா?" என்று ஒரு நண்பர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். அவர் நல்லெண்ணத்தோடுதான் கேட்டிருப்பார். ஆனால், ஒரு விஷயத்தைப் பேசக் கூசுகிறோம் என்பதே அதைப் பேச வேண்டும் என்பதற்கு முதல் காரணம். விதவைகளுக்கு மறுமணம் என்று பேசிய காலத்தில் ஊர் கூசிற்று. கர்ப்பத்தடை என்று பேசிய காலத்தில் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போனவர்கள் உண்டு. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று அவைகளைப் பேசவேண்டிய விஷயமாகவே நினைப்பதில்லை. ஆகவே, கொஞ்சம் பொறுமையோடு கேட்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.

விஷயம் என்ன?

ஆணிடத்தில் அன்பு கொள்ளும் ஆணும், பெண்ணிடத்தில் அன்பு கொள்ளும் பெண்ணும் உலகத்தில் எல்லாத் தேசங்களிலும் இருக்கிறார்கள். இவர்களைத் தன்பால் ஈர்ப்பாளர் என்கிறோம். பிறந்த அன்று பிறர் எழுதி வைத்த பால் ஒன்றாகவும், தாங்கள் உணருகின்ற பால் வேறாகவும் இருக்கிறவர்களைத் திருநங்கை, திருநம்பி என்கிறோம். இவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை, "நாங்களும் மனிதர்கள்தான், இனி ஒளிந்து வாழமாட்டோம்" என்று சொல்லித் தெருவில் ஊர்வலம் வருகிறார்கள். அந்த ஊர்வலத்தில், இதே வகையைச் சேர்ந்த பட்டாளத்துக்காரரும் போலீஸ்காரரும் தங்கள் உத்தியோக உடுப்போடு நடக்கலாமா, கூடாதா என்பதுதான் கேள்வி. இதைப்பற்றி இங்கிலாந்திலும், அமெரிக்காவிலும், கனடாவிலும், ஆஸ்திரேலியாவிலும் பெரிய வாக்குவாதம் நடந்து வருகிறது.

"அங்கே நடந்தால் நமக்கென்ன?" என்பீர்கள். இந்தத் தாலுக்காவில் விடியற்காலையில் எழுந்து ரோட்டுக்குப் போய்ப் பாருங்கள். போலீஸ் தேர்வுக்கும் பட்டாளத்துக்கும் போகவேண்டுமென்று எத்தனை பிள்ளைகள் ஓடிப் பழகுகிறார்கள்! மானாவாரி நிலத்தில் மணிலா போட்டுக் கடன்பட்ட தகப்பன், மகன் காக்கிச் சட்டை போட்டால் வீடு தலையெடுக்கும் என்று காத்திருக்கிறான். அப்படி ஓடுகிற பிள்ளைகளில் ஒருவன் தன்பால் ஈர்ப்புள்ளவனாக இருந்தால் அவன் கதி என்ன? அவன் உங்கள் மகனாக இருந்தால் என்ன செய்வீர்கள்? ஆதலால், இது பட்டணத்து விவகாரமல்ல. நம் வீட்டு விவகாரம்.

ஊர்வலம் எப்படி வந்தது?

1969-ஆம் வருஷம் ஜூன் 28-ந் தேதி, நியூயார்க் நகரத்தில் ஸ்டோன்வால் என்கிற ஒரு மதுக்கடைக்குள் போலீசார் புகுந்தார்கள். இத்தகையவர்கள் கூடுகிற இடம் என்பதற்காக அதற்கு முன்னும் பலமுறை புகுந்ததுண்டு. அடி வாங்கிக்கொண்டு தலைகுனிந்து வண்டியில் ஏறுவதுதான் அதுவரை வழக்கம். அன்று ஜனங்கள் எதிர்த்து நின்றார்கள். பல இரவுகள் கலகம் நடந்தது. அடுத்த வருஷம் அதே தேதியில் அதை நினைத்து ஊர்வலம் வந்தார்கள். பல தேசங்களுக்கும் பரவியது அந்த ஊர்வலந்தான்.

நம் தேசத்தில் 1999-ஆம் வருஷம் ஜூலை 2-ந் தேதி கல்கத்தாவில் பதினைந்து பேர் முதல்முதலாக நடந்தார்கள். பதினைந்தே பேர்! சென்னையில் 2009 முதல் நடந்து வருகிறது. முதல் வருஷங்களில், வீட்டாருக்கும் முதலாளிக்கும் பயந்து முகமூடி போட்டுக்கொண்டு நடந்தவர்கள் பல ஊர்களில் உண்டு. இங்கிலீஷில் இந்த ஊர்வலத்துக்குப் 'பெருமை' என்று பொருள்படும் பெயர். சென்னைத் தோழர்கள் தமிழில் பெயர் வைக்கும்போது அதை அப்படியே பெயர்த்து வைக்காமல், 'வானவில் சுயமரியாதைப் பேரணி' என்று வைத்தார்கள். பிறப்பைக் காட்டி ஒருவனைத் தாழ்ந்தவன் என்று சொல்லக்கூடாது என்று பேசிப் பேசி இந்த நாட்டில் வளர்ந்த சொல் அது. அந்தச் சொல்லைத் தாங்கி ஒரு கூட்டம் தெருவில் போகும்போது, நாம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பது நியாயமாகுமா?

உடுப்பு என்பது என்ன?

இந்தச் செஞ்சியில் நின்று உடுப்பைப் பற்றிப் பேசுவது பொருத்தமானது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் என்று மூன்று மலைகளையும் வளைத்துக் கட்டின இந்தக் கோட்டையை 2025-ஆம் வருஷத்தில் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டார்கள். இதற்குள் எத்தனை சேனைகள் வந்து போயிருக்கின்றன! நாயக்கர் சேனை இருந்தது. 1649-இல் பீஜப்பூர் சுல்தான் சேனை வந்தது. 1677-இல் சிவாஜி சேனை வந்தது. சுமார் எட்டு வருஷம் முற்றுகையிட்டு 1698-இல் முகலாயர் சேனை பிடித்தது. 1750-இல் பிரெஞ்சுக்காரன் ஏறினான். 1761-இல் இங்கிலீஷ்காரன் பிடித்தான். ஒவ்வொரு சேனைக்கும் ஒவ்வொரு தலைப்பாகை, ஒவ்வொரு அங்கி, ஒவ்வொரு கொடி. ஒவ்வொருவனும் தன் உடுப்புத்தான் மேலானது என்று நினைத்திருப்பான். அந்த உடுப்புகளெல்லாம் இன்று எங்கே? கல்தான் நிற்கிறது.

1714-இல் இங்கே சண்டையிட்டு இறந்த தேசிங்கு ராஜன் கதையை இந்த வட்டாரத்தில் பாட்டாகக் கேட்காதவர் இல்லை. அவனோடு உயிர் விட்ட தோழன் மகபத்கான் ஒரு முஸ்லீம். அவர்கள் தோழமைக்கு நான் வேறு பொருள் சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தக் கதையைக் கேட்டு அழுகிற நீங்கள், களத்தில் விழுந்தவன் என்ன மதம், என்ன ஜாதி, வீட்டில் எப்படி வாழ்ந்தான் என்றா விசாரிக்கிறீர்கள்? ஓடாமல் நின்றானா, தோழனைக் கைவிட்டானா என்றுதானே பார்க்கிறீர்கள்! சிப்பாய்க்கு அளவுகோல் அதுதான்.

உடுப்பு ஒரு துணி, தோழர்களே. அதற்கு மந்திர சக்தி ஒன்றும் கிடையாது. தீப்பெட்டி வாங்கும்போதும் செருப்பு வாங்கும்போதும் நீங்கள் கொடுக்கிற வரியில் நெய்து தைத்துக் கொடுத்தது. நீங்கள் கொடுத்த அதிகாரத்துக்கு அது அடையாளம். நியாயமாக நடந்தால் அதற்கு மரியாதை. அக்கிரமம் செய்தால் அதற்கு அவமரியாதை. இதைத் தவிர உடுப்புக்குத் தனியாகப் பரிசுத்தம் இருக்கிறது என்றால், அது பூணூலுக்குப் பரிசுத்தம் சொன்ன கதைதான்.

சட்டம் செய்த காரியம்

"இதெல்லாம் மேல்நாட்டிலிருந்து வந்த கெட்ட வழக்கம், நம் சம்பிரதாயத்தில் இல்லை" என்கிறார்கள். மேல்நாட்டிலிருந்து வந்தது எது என்று பார்ப்போம். இங்கிலீஷ்காரன் 1860-இல் செய்த பீனல் கோடில் 377-ஆவது பிரிவு என்று ஒன்று வைத்தான். இயற்கைக்கு விரோதமான சேர்க்கைக்கு ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம் என்றான். 1871-இல் குற்றப்பரம்பரைச் சட்டம் செய்தபோது, அதற்குள்ளேயே ஒரு பகுதி வைத்து, வட இந்திய மாகாணங்களில் இன்று திருநங்கையர் என்கிறோமே, அவர்களைப் பதிவுப் புஸ்தகத்தில் எழுதச் சொன்னான். அவர்கள் பெண் உடை உடுத்தி வெளியில் வந்தால் குற்றம் என்றான். பாருங்கள், சேலையே குற்றம்! அந்தச் சேலையைப் பிடித்து இழுக்கப் போனது காக்கிச் சட்டை. உடைக்கும் உடுப்புக்கும் உள்ள விரோதம் அன்றைக்கே ஆரம்பமாகிவிட்டது.

சம்பிரதாயம் என்கிறீர்களே, அது ஒரே பேச்சாகவா பேசுகிறது? மனுதர்மம் இதற்குத் தண்டனையும் பிராயச்சித்தமும் சொல்லுகிறது. இங்கிருந்து போகக்கூடிய தூரத்தில் இருக்கிற கூவாகத்தில், சித்திரை மாதத்தில் திருநங்கையர் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொள்ளுகிறார்கள். மறுநாள் தாலியை அறுத்து அழுகிறார்கள். அந்த ஒரு ராத்திரிக்குச் சாமியின் மனைவி. மறுநாள் முதல் வாடகைக்கு வீடு கேட்டால் இல்லை என்கிறோம். ஒரு பக்கம் தண்டனை, ஒரு பக்கம் தாலி. ஆதலால் சம்பிரதாயத்தைத் தராசாக வைத்து நிறுத்தால் முள் நிற்காது. பகுத்தறிவையும் மனிதத் தன்மையையுமே தராசாக வைக்க வேண்டும்.

377-ஆவது பிரிவு நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் இருந்தது. 2009-இல் டில்லி ஹைகோர்ட்டு அதைச் செல்லாது என்றது. 2013-இல் சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் செல்லும் என்றது. கடைசியாக 2018 செப்டம்பர் 6-ந் தேதி, சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக, வயது வந்தவர்கள் மனமொத்து நடந்துகொள்வது குற்றமல்ல என்று தீர்ப்புச் சொன்னார்கள். 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த புதிய குற்றச் சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை. ஆகவே, ஊரில் இது குற்றமல்ல. ஆனால் உடுப்புக்குள் என்ன நிலைமை?

தீட்டு வாதம்

தீர்ப்பு வந்த நாலு மாதத்தில், 2019 ஜனவரியில், அப்போதைய தரைப்படைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் அவர்கள், பட்டாளத்தில் இது ஏற்கத்தக்கதல்ல என்றும், பட்டாளச் சட்டத்தின் பிரிவுகளைக் கொண்டே இதைக் கவனிப்போம் என்றும் சொன்னார். 1950-ஆம் வருஷத்துப் பட்டாளச் சட்டத்தில் 46-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கொடூரமான, ஆபாசமான, இயற்கைக்கு மாறான இழிநடத்தைக்கு ஏழு வருஷம் வரை சிறை என்பது அதன் கருத்து. கொடூரத்தையும் அன்பையும் ஒரே கூண்டில் நிறுத்துகிற சட்டம் அது.

2020-இல் ஜே. சுரேஷ் என்கிற முன்னாள் மேஜர், தான் தன்பால் ஈர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்னார். பட்டாளத்தில் இருந்த வரையில் சொல்ல முடியவில்லை. வெளியே வந்து பத்து வருஷம் சென்றுதான் சொன்னார். அவரைப்போன்ற ஒரு சிப்பாயின் கதையை ஓனிர் என்கிற டைரக்டர் சினிமாவாக எடுக்க நினைத்து, ராணுவ மந்திரி காரியாலயத்தின் சம்மதம் கேட்டார். 2022-இல் சம்மதம் மறுக்கப்பட்டது. கதையில்கூட உடுப்புக்குள் அப்படிப்பட்ட மனிதன் இருக்கக்கூடாதாம்!

இவர்கள் சொல்லுகிற காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, உடுப்பின் கௌரவம் போய்விடும் என்கிறார்கள். ஆயுத பூஜையன்று நம் போலீஸ் ஸ்டேஷன்களில் வண்டிக்கு வாழைக்கன்று கட்டி, துப்பாக்கிக்குச் சந்தனம் தடவி, உடுப்போடு நின்று கற்பூரம் காட்டுகிறார்களே, அதில் போகாத கௌரவமா? தேர்த் திருவிழாவில் பெரிய அதிகாரி உடுப்போடு மாலை வாங்கிக்கொள்கிறாரே, அதில் போகாத கௌரவமா? கூவாகத்திலும், சென்னைப் பேரணியிலும் உடுப்புப் போட்ட போலீசார் பந்தோபஸ்துக்கு ஓரத்தில் நிற்கத்தான் செய்கிறார்கள். ஆகவே, உடுப்பு அந்த ஊர்வலத்துக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. ஓரத்தில் தடி பிடித்து நின்றால் கௌரவம் போகாது. வரிசைக்குள் கைகோத்து நடந்தால் போய்விடும் என்றால், இது என்ன நியாயம்? கிணற்றைத் தோண்டலாம், தண்ணீர் எடுக்கக்கூடாது என்று சொன்ன தீட்டு நியாயந்தானே இது!

இரண்டாவது, ஒழுங்கு கெடும் என்கிறார்கள். பட்டாளத்தாரும் போலீசாரும் கூட்டங்களிலும் ஆர்ப்பாட்டங்களிலும் கலந்துகொள்வதைக் கட்டுப்படுத்தச் சட்டம் இருக்கிறது. பட்டாளத்துக்கு 1950-ஆம் வருஷச் சட்டத்தில் 21-ஆவது பிரிவு. போலீசுக்கு 1966-ஆம் வருஷச் சட்டம். துப்பாக்கி வைத்திருப்பவன் கட்சிக் கொடி பிடித்தால் ஜனநாயகம் நிற்காது என்பது வாஸ்தவம். நான் அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், தான் யார் என்று ஒருவன் சொல்வது கட்சி அரசியலா? கல்யாணம் செய்துகொண்ட போலீஸ்காரர் மனைவியோடு உடுப்பில் படம் பிடித்துச் சுவரில் மாட்டுகிறாரே, அது அரசியலா?

மூன்றாவது, நடுநிலை. இதைச் சொல்லுகிறவர்களில் யோக்கியமானவர்களும் உண்டு. இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்து ஊர்வலத்தில் 2024-இல் போலீசார் உடுப்போடு கலந்துகொண்டார்கள். ஒரு பெண்மணி வழக்குப் போட்டார். ஊரில் வாக்குவாதமாக இருக்கிற விஷயத்தில் ஒரு பக்கத்தில் போலீஸ் நிற்பதாகத் தோன்றினால், மறுபக்கத்தவன் புகார் கொடுக்க எப்படி வருவான் என்பது அவர் கேள்வி. 2025 ஜூலையில் அந்நாட்டு ஹைகோர்ட்டு, போலீஸ் தலைவர் கொடுத்த அனுமதி தவறு என்று தீர்ப்புச் சொன்னது. போலீஸ் நடுநிலையாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால், நடுநிலை என்றால் எல்லோருக்கும் ஒரே நடுநிலையாக இருக்க வேண்டும். சாமி ஊர்வலத்தில் உடுப்போடு தீபாராதனை வாங்கலாம், மனித ஊர்வலத்தில் மாத்திரம் நடுநிலை என்றால் அதை ஒப்ப முடியாது. ஸ்டேஷனில் பூஜையை நிறுத்துங்கள், பிறகு நடுநிலை பேசுங்கள், நானும் கேட்டுக்கொள்கிறேன்.

பட்டாளம் கெட்டுப் போயிற்றா?

இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் இதே பேச்சுத்தான். தன்பால் ஈர்ப்புள்ள சிப்பாய்களைத் தேடித் தேடி விசாரித்து விலக்கினார்கள், மெடல்களைக்கூடப் பறித்ததுண்டு. ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டு 1999-இல் இது தவறு என்று சொல்ல, 2000 ஜனவரியில் தடையை எடுத்தார்கள். பட்டாளம் கலைந்து போகும் என்றார்களே, கலைந்ததா? 2008-இல் லண்டன் ஊர்வலத்தில் முப்படையாரும் உடுப்போடு நடந்தார்கள். 2023 ஜூலையில் அந்நாட்டுப் பிரதம மந்திரி பார்லிமெண்டில் எழுந்து, முன்பு விலக்கப்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

அமெரிக்காவில், 'நாங்கள் கேட்கமாட்டோம், நீயும் சொல்லாதே' என்று ஒரு விசித்திரமான விதி இருந்தது. பொய் சொல்லிக்கொண்டே நாட்டுக்கு உழை என்பதுதான் அதன் பொருள். 2011 செப்டம்பரில் அது ஒழிந்தது. ஒழிவதற்கு இரண்டு மாதம் முன்பு, சான் டியகோ நகரத்து ஊர்வலத்தில் சிப்பாய்கள் உடுப்பில்லாமல், எந்தப் படை என்று எழுதின பனியனோடு நடந்தார்கள். 2012 ஜூலையில் அதே ஊரில், சர்க்கார் அந்த ஒரு ஊர்வலத்துக்கென்று அனுமதி கொடுக்க, உடுப்போடு நடந்தார்கள். ஒரு வருஷத்தில் பனியன் உடுப்பாயிற்று. அதே தேசத்தில் 2025-இல், ஜனாதிபதி டிரம்ப் உத்தரவினால் திருநர்களைப் பட்டாளத்திலிருந்து விலக்க ஆரம்பித்தார்கள் என்பதையும் கவனியுங்கள். ஆளுகிறவன் தயவில் வந்த உரிமையை அடுத்து ஆளுகிறவன் எடுத்துக்கொள்வான். ஜனங்கள் மனம் மாறாமல் வருகிற உரிமைக்கு ஆயுசு குறைவு.

மறுபக்கத்து நியாயம்

நிற்க. இதுவரை உடுப்பு வரலாம் என்பதற்கு விரோதமான வைதீகரைப் பற்றிச் சொன்னேன். ஆனால், உடுப்பு வரக்கூடாது என்று ஊர்வலத்துக்குள்ளிருந்தே சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைத் தள்ளிவிட முடியாது.

1978 ஜூன் 24-ந் தேதி ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்தில் முதல் ஊர்வலம் நடந்தபோது, போலீசார் 53 பேரைப் பிடித்து அடைத்து அடித்தார்கள். பத்திரிகையில் பெயர் வந்ததால் வேலை போனவர்கள் உண்டு. பின்னால் அதே ஊர்வலத்தில் போலீசார் உடுப்போடு நடக்கும் காலம் வந்தது. 2024-இல், ஒரு போலீஸ்காரர் மேல் இரண்டு வாலிபர்களைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டதும், "இந்த வருஷம் வராதீர்கள்" என்று ஊர்வலத்தார் சொன்னார்கள். முடிவில் உடுப்பில்லாமல் வருவதென்று ராஜியாயிற்று. கனடாவில் டொராண்டோ நகரத்தில் 2016-இல் கறுப்பு இன மக்கள் ஊர்வலத்தை நிறுத்தி உட்கார்ந்து, எங்களை அடிக்கிற உடுப்பு எங்கள் விழாவில் வேண்டாம் என்றார்கள். அடுத்த வருஷம் போலீஸ் உடுப்பு இல்லாமல் நடந்தது. 2018-இல் நியூசிலாந்து ஆக்லாந்தில் போலீசுக்கு இப்படிச் சொன்னதற்கு, அந்நாட்டுப் பட்டாளமும் கோபித்துக்கொண்டு விலகிற்று. ஊர்வலத்துக்குத் தாயிடமான நியூயார்க்கிலேயே 2021-இல் இதே தீர்மானம் செய்தார்கள்.

உடுப்பைக் கண்டு ஜனங்கள் ஏன் பயப்படுகிறார்கள் என்று வெளிதேசத்துக்குப் போய்த் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தருமபுரி ஜில்லா வாச்சாத்தியை மறந்துவிட்டீர்களா? 1992 ஜூன் 20-ந் தேதி சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையாரும், போலீசாரும், ரெவினியூக்காரரும் அந்த மலைமக்கள் கிராமத்துக்குள் புகுந்து, வீடுகளை நொறுக்கி, 18 பெண்களைக் கற்பழித்தார்கள். பத்தொன்பது வருஷம் வழக்கு நடந்து, 2011-இல் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்துப் போனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது கோர்ட்டு. 2023-இல் சென்னை ஹைகோர்ட்டும் அதையே உறுதி செய்தது. உடுப்பின் கௌரவத்தைக் கெடுத்தவர்கள் யார் என்று இப்போது சொல்லுங்கள். ஒருவனை ஒருவன் நேசித்தவனா கெடுத்தான்?

ஆனால், உடுப்புப் போட்ட தன்பால் ஈர்ப்பாளன் என்ன சொல்லுகிறான் என்பதையும் கேட்க வேண்டும். "ஸ்டேஷனில் என் கூட இருப்பவர்களின் ஏச்சையும் பேச்சையும் தாங்கிக்கொண்டு, நான் இன்னார் என்று சொல்லத் துணிந்தேன். இந்த உடுப்போடு நடந்தால்தான், எனக்குப் பின்னால் வருகிற பிள்ளைக்குத் தைரியம் வரும். நீங்களும் உடுப்பைக் கழற்றிவிட்டு வா என்றால், அங்கேயும் ஒளி, இங்கேயும் ஒளி என்றாகிறதே" என்கிறான். இதுவும் நியாயந்தான்.

இரண்டு நியாயம் மோதும்போது என்ன செய்வது? என் அபிப்பிராயம் இது. விழா யாருடையதோ, வாசலில் யாரை எப்படி அழைப்பது என்று தீர்மானிக்கும் உரிமை அவர்களுடையது. அதிலும் அடிபட்டவர்களின் சொல்லுக்கு முதலிடம் கொடுக்க வேண்டும். ஆனால், விலக்குவது உடுப்பைத்தான் விலக்கலாம், ஆளை விலக்கக்கூடாது. உடுப்பை விலக்குவதும் என்றைக்குமாக அல்ல. அந்த இலாகா தன் நடத்தையைத் திருத்திக் காட்டுகிற வரையில்தான். மரியாதையை உத்தரவு போட்டு வாங்க முடியாது, சம்பாதிக்கத்தான் முடியும்.

நம் நாட்டில் எங்கே நிற்கிறோம்?

மேல்நாட்டில் உடுப்போடு வரலாமா என்று வாக்குவாதம் செய்கிறார்கள். நாம் அந்த வாக்குவாதத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. உடுப்புக்குள் இருக்கிறவன் வாய் திறக்கலாமா என்பதே இங்கே கேள்வி.

சேலத்தில் பிறந்த திருநங்கை பிரித்திகா யாஷினி சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்கு மனுப் போட்டார். மனுப் படிவத்தில் ஆண், பெண் என்று இரண்டே கட்டந்தான். மனுவைத் தள்ளினார்கள். ஒவ்வொரு படியிலும் கோர்ட்டுக்குப் போனார். 2015 நவம்பரில் சென்னை ஹைகோர்ட்டு அவரை நியமிக்க வேண்டியவர் என்று தீர்ப்புச் சொன்னது. 2017 ஏப்ரலில் தருமபுரியில் வேலை ஏற்றார். இந்தியாவிலேயே முதல் திருநங்கை சப்-இன்ஸ்பெக்டர். வாச்சாத்தி எந்த ஜில்லாவோ, அதே ஜில்லா! இருபத்தைந்து வருஷத்தில் ஒரே உடுப்பு இரண்டு விதமாக அங்கே போய் நின்றது. சத்தீஸ்கரில் 2021-இல் திருநர் பதின்மூன்று பேரைக் கான்ஸ்டேபிள்களாக எடுத்தார்கள்.

இதோடு எல்லாம் தீர்ந்ததா? 2023 மார்ச்சில் கோயமுத்தூரில் ஒரு திருநங்கைக் கான்ஸ்டேபிள், மேலதிகாரி தன் பிறப்பையும் ஜாதியையும் சொல்லி இழிவு செய்ததாகக் குற்றம் சாட்டி ராஜினாமாக் கொடுத்தார். 2020-இல் குஜராத்தில், ஒருவரையொருவர் நேசித்துக் கூடி வாழ்ந்த இரண்டு பெண் கான்ஸ்டேபிள்கள், வீட்டார் மிரட்டலுக்குப் பயந்து ஹைகோர்ட்டுக்குப் போய்ப் போலீஸ் பாதுகாப்பு வாங்கினார்கள். ஊருக்குப் பாதுகாப்புக் கொடுக்கிற இருவர், தங்களுக்குப் பாதுகாப்பு வேண்டுமென்று கோர்ட்டு வாசலில் நின்றார்கள். உடுப்பைக் கொடுத்துவிட்டு சுயமரியாதையைக் கொடுக்காமல் வைத்தால் இப்படித்தான் ஆகும்.

ஒரு நல்ல காரியமும் நடந்திருக்கிறது. மதுரையிலிருந்து இரண்டு இளம்பெண்கள் சேர்ந்து வாழச் சென்னைக்கு வந்தார்கள். பெற்றோர் புகார் கொடுத்தார்கள். போலீஸ் விசாரணை என்ற பேரில் தொந்தரவு வந்தது. சென்னை ஹைகோர்ட்டு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அவர்கள், இந்த விஷயம் தமக்கே சரியாகத் தெரியாது என்று வெளிப்படையாகச் சொல்லி, அறிந்தவர்களிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு 2021 ஜூன் 7-ந் தேதி உத்தரவு போட்டார். நீதிபதி ஒருவர் தெரியாததைத் தெரியாது என்று சொன்னது, பகுத்தறிவாளர் பாராட்ட வேண்டிய காரியம். அதையொட்டி 2022-இல் தமிழ்நாடு சர்க்கார் போலீஸ் நடத்தை விதிகளில் 24-சி என்று ஒரு விதி சேர்த்தது. இத்தகையவர்களையும், அவர்கள் நலத்துக்கு உழைப்பவர்களையும் எந்தப் போலீஸ்காரரும் துன்புறுத்தக்கூடாது என்பது அந்த விதி. காகிதத்தில் விதி வந்தாயிற்று. இனி அது ஸ்டேஷன் வாசலுக்கு வரவேண்டும்.

செய்யவேண்டியது என்ன?

ஆகவே தோழர்களே, சுயமரியாதைப் பேரணிக்கு உடுப்பு வருவதற்கு முன்னே, அந்தச் சுயமரியாதை உடுப்புக்குள்ளே போயாக வேண்டும். எப்படிப் போகும்? பட்டாளச் சட்டத்தின் அந்தப் பிரிவில் அன்பைக் குற்றமாக எண்ணுகிற வழக்கம் ஒழிய வேண்டும். போலீஸ் பயிற்சிப் பள்ளியில் 24-சி விதியைத் தடி பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் முன்னே கற்றுக்கொடுக்க வேண்டும். இன்னாரென்று சொன்னதற்காக ஒரு கான்ஸ்டேபிள் ராஜினாமாச் செய்யும்படி நேர்ந்தால், விசாரிக்கப்படவேண்டியவர் மேலதிகாரியாக இருக்க வேண்டும். அப்படி ஒரு நாள் வந்தால், உடுப்போடு வரிசையில் நடக்க யாரும் தடை சொல்லமாட்டார்கள். அழைத்தே நடக்க வைப்பார்கள்.

இந்தக் கூட்டத்துக்குப் பந்தோபஸ்துக்கு வந்து அதோ நிற்கிற போலீஸ் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. நாளைக்கு இரண்டு பெண் பிள்ளைகளோ, ஒரு திருநங்கையோ பயந்து உங்கள் ஸ்டேஷனுக்கு ஓடி வந்தால், முதலில் ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுங்கள். உங்கள் கூட வேலை செய்கிற ஒருவனைப் பற்றிச் சிரித்துப் பேசும்போது, நீங்கள் சிரிக்காமல் இருங்கள்.

தாய்மார்களே, தகப்பன்மார்களே! மகனோ மகளோ ஒருநாள் வந்து நடுங்கிக்கொண்டு உண்மையைச் சொன்னால், சாமியாடியிடமும் மந்திரவாதியிடமும் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்று இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்வையும் சேர்த்துப் பாழாக்காதீர்கள். இது வியாதியல்ல. இதற்கு மருந்து கொடுக்கிறேன் என்கிற வைத்தியத்தையும் அந்த 2021-ஆம் வருஷத்து உத்தரவு தடுத்திருக்கிறது. விடியற்காலையில் ஓடிப் பழகுகிற பிள்ளை ஓடட்டும். அவனுக்கு மூச்சு இருக்கிறதா, கால் இருக்கிறதா, நேர்மை இருக்கிறதா என்று சர்க்கார் பார்க்கட்டும். அதற்குமேல் பார்க்க யாருக்கும் யோக்கியதை கிடையாது.

இவ்வளவையும் நான் சொன்னதற்காக ஏற்றுக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் போய் நிதானமாய் யோசித்துப் பாருங்கள். தவறென்று பட்டால் அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள், பதில் சொல்லக் காத்திருக்கிறேன். சரியென்று பட்டால், உங்கள் தெருவில் இதற்காகக் கேலி பேசப்படுகிற ஒரு பிள்ளையின் பக்கத்தில் நாளைக்கே போய் நில்லுங்கள்.